சிறையிலிருந்து வந்த மாணவனுக்குத் துணை நிற்பது எப்படி?

கேள்வி: நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன், இப்போது 23 வயது, இருசக்கர வாகனத் திருட்டு வழக்கில் தண்டனை முடிந்து சேலம் மத்திய சிறையிலிருந்து சென்ற மாதம் வெளியே வந்திருக்கிறான். அதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. அதில் ஜாமீன் கிடைத்து, தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வருகிறான். “நீங்க சொன்னா கேப்பான் சார்” என்று அவன் தாயார் வந்து நிற்கிறார். படிப்பை விட்டபின் ஒரு மெக்கானிக் கடையில் வேலை பார்த்தவன், குடிப்பழக்கமும் உண்டு. அவனுக்குப் பணம் கொடுத்து உதவலாமா, சிவதாபுரத்தில் நண்பர் நடத்தும் கொலுசுப் பட்டறையில் சேர்த்துவிடலாமா, பழைய சகவாசம் விட்டுப்போகட்டும் என்று ஏற்காட்டில் உறவினரின் காப்பித் தோட்டத்துக்கு அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். நமக்கு எதற்கு வம்பு என்கிறார் என் மனைவி. அவன் மறுபடி தவறு செய்தால் நான் என்ன செய்வது? இவனைப் போன்ற மற்றவர்களுக்கும் தன்னார்வலராக உதவ வழி உண்டா?

பதில்:

அன்புள்ள ஐயா,

அந்த அம்மா உங்களிடம் எதிர்பார்ப்பது நாலு நல்ல வார்த்தை. அதைச் சொல்ல அரை மணி நேரம் போதும், ஆனால் அதனால் பெரிய பலன் இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருடக் கூடாது என்பது தெரியாமல் அந்தத் தம்பி திருடவில்லை. சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இருப்பதில்லை. வீட்டில், தெருவில், காவல் நிலையத்தில், நீதிமன்ற வாசலில் என்று போகிற இடமெல்லாம் அதுதான் கிடைக்கிறது. சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற ஓர் ஆள்தான் கிடைப்பதில்லை. அந்த ஆளாக இருக்க உங்களால் முடியுமென்றால் தாராளமாக இறங்குங்கள். வாரத்துக்கு ஒரு நாள் வீதம் குறைந்தது ஓராண்டுக்கு முடியாது என்று தோன்றினால், இப்போதே அந்த அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி விலகிக்கொள்வதுதான் பையனுக்கு நல்லது.

கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய ஊர்களில், 1939 முதல் 1945 வரை, தடம் மாறக்கூடும் என்று அஞ்சப்பட்ட சிறுவர்களுக்கு ஆளுக்கொரு ஆலோசகரை நியமித்து உதவினார்கள். மொத்தம் 506 சிறுவர்கள். பாதிப் பேருக்கு உதவி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்கு எதுவும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களைத் தேடிப் பிடித்துப் பார்த்த ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் 1978-இல் வெளியிட்ட முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. உதவி பெற்றவர்கள் மற்றவர்களைவிட மேலாக இல்லை என்பதோடு, சில விஷயங்களில் மோசமாகவும் இருந்தார்கள். உதவி வளர்த்துவிட்ட எதிர்பார்ப்பும், அது நின்றபோது வந்த வெறுமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. இங்கிலாந்தில் டாரிக் ஜாலிஃப், டேவிட் ஃபாரிங்டன் ஆகிய இருவரும் 2007-இல் இத்தகைய வழிகாட்டித் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மறுகுற்றம் 4 முதல் 11 விழுக்காடு வரை குறைந்திருந்தது. ஆனால் கண்டிப்பான முறையில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. வாரம் ஒரு முறையாவது சந்தித்து, ஒவ்வொரு முறையும் போதிய நேரம் உடனிருந்து, வேறு உதவிகளோடும் சேர்த்து நடத்தப்பட்ட திட்டங்கள்தான் ஓரளவு தேறின. ஆகவே உங்கள் துணை மட்டுமே அவனை மாற்றிவிடாது. வேலை, வழக்கு, உடல்நலம் ஆகிய மூன்றும் சீராவதற்கு அது கைகொடுக்கும். அந்த மூன்றில் வழக்கைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

வெளியே வந்தவர்கள் திரும்ப உள்ளே போவதெல்லாம் புதிய குற்றத்தால்தான் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். வாய்தாவுக்குப் போகாததால் உள்ளே போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கூலி வேலைக்குப் போகிறவனுக்கு ஒரு வாய்தா என்பது ஒரு நாள் கூலி. அங்கே போனாலும் பெயரைக் கூப்பிட்டு அடுத்த தேதி சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். “போகலைன்னா என்ன சார் ஆயிடும்” என்று ஒரு முறை விடுகிறான். நீதிமன்றம் பிடிவாரண்டு பிறப்பிக்கிறது. அது தெரிந்ததும் பயத்தில் அடுத்த வாய்தாவுக்கும் போவதில்லை. வீட்டுக்கு வராமல் பழைய கூட்டாளிகளின் அறையில் படுத்துக்கொள்கிறான். நீங்கள் பயப்படுகிற அந்தச் சகவாசத்துக்குள் அவனைத் தள்ளிவிட்டது ஒரு தேதி. ஆகவே முதல் சந்திப்பில் புத்திமதி எதுவும் வேண்டாம். ஒரு சிறிய நோட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு எண், நீதிமன்றம், வழக்கறிஞரின் பெயர், கைபேசி எண், அடுத்த வாய்தா தேதி ஆகியவற்றை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். வழக்குக்கு உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண் கிடைத்துவிட்டால், ஈ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நீதிமன்ற வளாகம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது; முதல் இரண்டு மூன்று வாய்தாக்களுக்கு உடன் போய், கூப்பிடும் வரை வராந்தாவில் அவனோடு உட்கார்ந்திருங்கள். அந்தக் காத்திருப்பில் அவன் பேசுகிற அளவுக்கு வேறெங்கும் பேசமாட்டான்.

அடுத்தது அந்தக் கையெழுத்து. தினமும் காலை பத்தரை மணிக்கு நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது நம் பக்கத்தில் வழக்கமாக விதிக்கப்படும் ஜாமீன் நிபந்தனை. பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்பவனை எந்தக் கடையில் வேலைக்கு வைப்பார்கள்? சில வாரங்கள் தவறாமல் போட்டிருந்தால், நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போடலாம். வாரம் ஒரு நாள் என்று மாற்றிக்கொடுப்பதும், முழுவதுமாக நீக்கிவிடுவதும் உண்டு. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று இதைத் தள்ளிப்போடுகிறார்கள். வறுமையில் இருப்பவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விவரம் கேட்கலாம்.

நிலுவை வழக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, குற்றம் நிரூபிக்கப்பட்டாலும், தூக்கோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாதபோது, சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடந்துகொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டு நன்னடத்தைப் பிணையில் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு; அந்தப் பிணைக் காலம் மூன்றாண்டுக்கு மிகாது. குற்றவாளிக்கோ அவனுடைய பிணையாளருக்கோ நிலையான இருப்பிடமோ முறையான வேலையோ இருக்கிறது என்று நீதிமன்றம் நம்பியாக வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. முன்பே தண்டனை பெற்றவனுக்கு அது எளிதில் கிடைக்காது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வழக்கறிஞர் கேட்டுப் பார்க்கலாம்; அவனைப் பற்றி விசாரித்து நீதிமன்றத்துக்குச் சொல்லும் அரசு அதிகாரியான நன்னடத்தை அலுவலர் அறிக்கை கொடுப்பார். அந்த அறிக்கையில் எழுதுவதற்கு, தொடர்ந்து பார்த்த ஒரு வேலை அவனிடம் இருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, திருட்டுக்காக இரண்டாம் முறை தண்டிக்கப்படுபவருக்கு ஓராண்டுக்குக் குறையாத கடுங்காவலை விதிக்கிறது என்பதையும் அவனிடம் ஒருமுறை, மிரட்டும் தொனி இல்லாமல், சொல்லிவையுங்கள்.

இனி வேலை. உங்கள் நண்பரின் மனசு பெரியது. ஆனால் கொலுசுப் பட்டறை இப்போது வேண்டாம். அங்கே வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, வேலை முடிந்ததும் எடை போட்டு வாங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கம்பி இழுப்பதிலும் பற்றவைப்பதிலும் மெருகு போடுவதிலும் போகிற சேதாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. என்றைக்காவது அந்தக் கணக்குக்கு மேல் ஐந்து கிராம் குறைந்தால், தராசைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாரும் இவனைத்தான் பார்ப்பார்கள். அவன் எடுத்திருக்க வேண்டியதே இல்லை. அந்தப் பார்வை ஒன்றே அவனை வேலையை விட்டு ஓட வைக்கும், உங்கள் நட்பும் கெடும். ஓராண்டு வேறிடத்தில் நிலைத்து நின்ற பிறகு பட்டறையைப் பற்றி யோசிக்கலாம்.

ஏற்காட்டு யோசனையில் நியாயம் இருக்கிறது. 2005-இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைச் சிதைத்தபோது, சிறையிலிருந்து விடுதலையான பலருக்குத் திரும்பிப் போகப் பழைய தெருவே இல்லாமல் போயிற்று. அப்படி வேறிடத்தில் குடியேற நேர்ந்தவர்கள், பழைய பகுதிக்கே திரும்பியவர்களைவிடக் குறைவாகவே மறுபடி சிறைக்குப் போனார்கள் என்பதை டேவிட் கிர்க் என்ற சமூகவியலாளர் காட்டினார். இடம் மாறுவது உதவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆனால் அவர்கள் போன இடத்தில் வாழ்க்கையை நடத்த வழியும் இருந்தாக வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் காலம் நவம்பர் வாக்கில் தொடங்கிச் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நிழல்மரம் கழிப்பதற்கும் களை எடுப்பதற்கும் பழகிய ஆட்களைத்தான் வைத்துக்கொள்வார்கள். நகரத்துத் தெருவில் வளர்ந்த பையன், வேலையும் இல்லாமல், பேச்சுத்துணையும் இல்லாமல், தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் மாலை நேரத்தை எப்படிக் கழிப்பான் என்பதை யோசித்துப் பாருங்கள். மலைமேலும் மதுக்கடைக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் கையெழுத்துப் போட வேண்டியவன் இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டிக் கீழே வந்துபோவது நடக்கிற காரியமா? நிபந்தனை தளர்ந்த பிறகு, உறவினர் ஆண்டு முழுக்க வேலை தருவார் என்றால், அவனையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அவனைக் கேட்டீர்களா என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

அவனுக்கு மெக்கானிக் வேலை தெரியும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வண்டி திருடியவனை வண்டிக் கடையில் விடுவதா என்று நீங்கள் தயங்கியிருக்கலாம். தயக்கம் நியாயமானது. ஆனால் கையில் இருக்கிற ஒரே தொழிலை விடச் சொல்லிவிட்டு, மூட்டை தூக்க அனுப்பினால் எத்தனை நாள் நிற்பான்? கடையைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாலையில் கடை அடைக்கும்போது வண்டிச் சாவிகள் எங்கே போகின்றன என்று பாருங்கள். முன்னால் இருக்கும் ஆணிப் பலகையிலேயே விட்டுவிட்டுப் போகிற கடை வேண்டாம். எண்ணி எடுத்துப் பெட்டியில் பூட்டுகிற முதலாளி வேண்டும். அதைவிட முக்கியம், பில் இல்லாத பழைய ஸ்பேர் வாங்குகிறாரா என்பது. பழைய கூட்டாளிகள் இவனைத் தேடி வரும்போது வண்டியோடு வரமாட்டார்கள். ஒரு கார்புரேட்டரையோ பேட்டரியையோ கொண்டுவந்து, “ஓனர்கிட்ட சொல்லித் தள்ளிவிடுடா” என்பார்கள். பில் இல்லாமல் எதையும் தொடாத முதலாளியிடம் இருந்தால், “எங்க ஓனர் வாங்கமாட்டார்” என்று சொல்லி அனுப்பிவிட அவனுக்கு வழி கிடைக்கும். வருகைப் பதிவேடு வைத்திருக்கிற கடை என்றால் இன்னும் நல்லது. நகரில் எங்கே வண்டி காணாமல் போனாலும் பழைய ஆட்களை விசாரிப்பார்கள். அன்றைக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கடையில் இருந்தான் என்பதற்கு அந்த ஏடு பேசும்.

முதலாளியிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லக் கூடாது, நீங்கள் பக்கத்தில் நிற்க அவனே சொல்ல வேண்டும். “வண்டித் திருட்டு கேஸ்ல தண்டனை முடிஞ்சு வந்திருக்கேன். இன்னொரு கேஸ் நடக்குது, வாய்தா அன்னிக்கு மட்டும் லீவு வேணும். இன்ஜின் வேலை தெரியும்.” இதற்கு மேல் கதை வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். இரண்டு மூன்று கடைகளில் முடியாது என்பார்கள். மறைத்துச் சேர்ந்து, ஒரு மாதம் கழித்து யாரோ சொல்லி முதலாளிக்குத் தெரியவந்து வெளியேறுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், ஆதார் அட்டையில் கைபேசி எண் மாற்றுவது, பேருந்துக் கட்டணம், வேலைக்கு வேண்டிய ஸ்பேனர் செட்டு என்று, கூடவே போய் அந்த இடத்திலேயே கொடுங்கள். பத்தாயிரம் ரூபாயைக் கடனாகக் கையில் கொடுத்தால், திருப்பித் தர முடியாத வெட்கத்தில் அடுத்த வாரமே உங்கள் கண்ணில் படமாட்டான். பணத்தோடு பழக்கமும் போய்விடும். சொந்தத் தொழிலுக்கு உதவி தேவைப்படும் காலத்தில், விடுதலையானவர்களுக்கு என்ன உதவித்தொகை இருக்கிறது என்று நன்னடத்தை அலுவலரிடம் விசாரியுங்கள். ஜாமீன்தாரராகக் கையெழுத்திடச் சொல்லி யாராவது கேட்டால், ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அவன் ஆஜராகாவிட்டால் பிணைத்தொகையை உங்களிடம் வசூலிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 1841-இல் பாஸ்டன் நகரத்து நீதிமன்றத்தில் ஒரு குடிகாரருக்குத் தாமாகவே பிணை நின்று, இன்றைய நன்னடத்தை முறைக்கு வித்திட்ட ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளியும், யாருக்குப் பிணை நிற்கலாம் என்று விசாரித்து விட்டுத்தான் நின்றார்.

அவன் உங்களிடம் சொல்வதையெல்லாம் இரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்காதீர்கள். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. கொலை, வழிப்பறி, கொள்ளை போன்ற சில குற்றங்கள் நடக்கப்போவதோ நடந்ததோ தெரிந்தால், அதைத் தெரிவிக்க வேண்டிய கடமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. தேடப்படுகிறவனுக்குத் தெரிந்தே அடைக்கலம் கொடுப்பது தனிக் குற்றம். “பழசைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல், புதிதாக யாருக்காவது ஆபத்து என்றால் நான் மறைக்கமாட்டேன்” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் உங்களைப் பார்த்தவன், புரிந்துகொள்வான்.

உங்கள் துணைவியாரின் அச்சத்தைத் தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். ஜப்பானில் பல்லாயிரக்கணக்கான சாதாரணக் குடிமக்கள், சம்பளம் வாங்காமல், அரசு நியமிக்கும் தன்னார்வ நன்னடத்தை அலுவலர்களாகப் பணியாற்றுகிறார்கள். விடுதலையானவர்களைத் தங்கள் வீட்டுக்கே வரவழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசுவது அங்கே நெடுங்கால வழக்கம். 2024 மே மாதம், ஓட்சு என்ற நகரில் அத்தகைய தன்னார்வலர் ஒருவர் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவருடைய பொறுப்பில் இருந்தவரே கைதானார். அபூர்வமாக நடப்பதுதான், ஆனாலும் வீட்டுக்கு வெளியே சந்திப்பதற்கான இடங்களைப் பற்றி அங்கே தீவிரமாகப் பேச வைத்தது அந்தச் சம்பவம். ஆகவே முதல் ஆறு மாதம் வீட்டில் சந்திக்காதீர்கள். மாவட்ட மைய நூலகம், அண்ணா பூங்கா, நாலு பேர் உட்காரும் டீக்கடை என்று ஏதாவது பொது இடத்தில், பகலில், நாளும் நேரமும் நிர்ணயித்துச் சந்தியுங்கள். எங்கே போகிறீர்கள் என்பது துணைவியாருக்குத் தெரிந்திருக்கட்டும். இரவு பத்து மணிக்கு மேல் அழைப்பு வந்தால் எடுப்பதில்லை என்ற வரம்பையும் வைத்துக்கொள்ளலாம். அந்த நிபந்தனைகளை அவரே போடட்டும். போட்டவர் பிறகு தடுக்கமாட்டார்.

குடியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, ஏனென்றால் அது உங்கள் வேலையோ என் வேலையோ இல்லை, மருத்துவரின் வேலை. நம் ஜி.ஹெச்.சில், அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணிலும் பேசலாம். தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம் என்பதால், சத்தியம் வாங்கிக்கொண்டு நிறுத்த வைக்கும் வேலையில் மட்டும் இறங்க வேண்டாம்.

மறுபடி தவறு செய்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யக்கூடும். குற்றத்தை விடுவது பெரும்பாலானவர்களுக்கு ஒரே நாளில் நடப்பதில்லை. இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. கைதானான் என்று கேள்விப்பட்டால், விடுவிக்கச் சொல்லி நிலையத்துக்கு ஓடாதீர்கள், பொய்ச் சாட்சிக்கும் உடன்படாதீர்கள். வழக்கறிஞருக்குத் தகவல் சொல்லுங்கள். சிறைக்கு மனுப் போட்டு ஒரு முறை போய்ப் பாருங்கள். “என் பேரைக் கெடுத்துட்டியே” என்று மட்டும் கேட்க வேண்டாம், அது உங்கள் பேரைப் பற்றிய வழக்கு இல்லை. வேலையும் வாய்தாவும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது எந்த வாரத்தில் குலைந்தது என்று கேளுங்கள். பிடிபட்ட நாளுக்கு முந்தைய வாரத்தில்தான் பெரும்பாலும் விடை இருக்கும்: சம்பளம் பிடித்திருப்பார்கள், வீட்டில் சண்டை வந்திருக்கும், யாரோ விடுதலையாகி வந்து பார்த்திருப்பார்கள்.

மற்றவர்களுக்கும் உதவ வழி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அந்தத் திட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டவர்கள். சிறைக்குள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றால், கண்காணிப்பாளரின் அனுமதியோடு போகலாம். வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும், சேலத்து அரசு கூர்நோக்கு இல்லத்துச் சிறுவர்களோடு பழக விரும்பினால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாகத்தான் போக வேண்டும்; அவர்கள் யார் என்பதை வெளியே தெரியும்படி பேசுவதோ படம் போடுவதோ 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது.

ஆனால் இவற்றுக்கெல்லாம் விண்ணப்பிப்பதை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். இந்த வாரம் அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு நன்னடத்தை அலுவலரைப் பார்த்து, நீங்கள் துணை நிற்கப்போவதைச் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் நோட்டோடு அவனைச் சந்தியுங்கள். நிபந்தனைத் தளர்வு மனுவைப் பற்றி வழக்கறிஞர் என்ன சொன்னார் என்பதைத் தெரிவித்தால், ஏற்காட்டைப் பற்றி மேற்கொண்டு எழுதுகிறேன்.